காசு கொடுத்து இசை நூலக மென்பொருள் வாங்கலாமா: கோத்தகிரியிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. தந்தை காலத்துப் படுக மொழிப் பாடல் கேசட்டுகள், கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவுகள், திரைப்பாடல் சிடிக்கள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கணினியில் ஏற்றி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறார். ஏறக்குறைய 15,000 பாடல்கள். அவற்றை வீட்டு ஆம்ப்ளிஃபயரிலும் கைபேசியிலும் கேட்க வேண்டும், பெங்களூரில் இருக்கும் மகளும் அங்கிருந்தபடியே கேட்க வேண்டும். இதற்காக, சொந்தப் பாடல்களை நூலகமாக அடுக்கி ஒலிக்கச் செய்யும் ரூன் போன்ற மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா, வீட்டுக் கணினியில் உள்ள படங்களையும் பாடல்களையும் மற்றக் கருவிகளுக்கு அனுப்பும் ப்ளெக்ஸின் ஆயுள் சந்தாவை வாங்கிவிடலாமா, அல்லது இலவசமாகக் கிடைப்பவையே போதுமா என்பது கேள்வி.

ஐயா, உங்களிடம் இருக்கும் இசைக்கு, நீங்கள் இருக்கும் இடத்தில், இப்போதைக்குக் கட்டண மென்பொருள் வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் இதே கேள்வியை ஜாஸ் இசைத்தட்டுகள் நிறைய வைத்திருக்கும் ஒருவர் லண்டனிலிருந்து கேட்டிருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். ஆகவே முடிவைவிட அதற்கு வந்த வழியை விளக்குவதுதான் உங்களுக்குப் பயன்படும்.

முதலில் விலை. ரூன் 2015-இல் வெளிவந்தபோது அதன் ஆயுள் உரிமம் 499 டாலர். இப்போது அது 829.99 டாலர், மாதச் சந்தா 14.99 டாலர், ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 149.88 டாலர். டாலரை 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்து எழுநூறு ரூபாய்க்கு மேல், ஆயுள் உரிமத்துக்கு எழுபதாயிரத்துக்கு மேல் ஆகிறது. வரியும் கார்டு நிறுவனம் பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணமும் தனி. ஆயுள் உரிமத்துக்குக் கொடுத்த பணம் ஈடாக ஐந்தரை ஆண்டுகள் ஆகும். ப்ளெக்ஸின் ஆயுள் சந்தா 2025 ஏப்ரல் இறுதிவரை 119.99 டாலராக இருந்தது, அதன்பின் ஒரேயடியாக 249.99 ஆகிவிட்டது. இந்த இரண்டு விலைகளும் எந்தத் திசையில் நகர்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

இந்தப் பணத்துக்கு என்ன தருகிறார்கள்? ரூனின் பெருமை மூன்று விஷயங்களில் இருக்கிறது. உங்கள் ஃபோல்டர்களில் உள்ள ஆல்பங்களைத் தானே அடையாளம் கண்டு, வாசித்தவர், இயற்றியவர், ஒலிப்பதிவு செய்தவர் என்று எல்லாப் பெயர்களையும் ஒன்றோடொன்று கோத்துத் தருகிறது. வீட்டின் பல அறைகளில் இருக்கும் வெவ்வேறு நிறுவனக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்குகிறது. டைடல், கோபஸ் போன்ற ஸ்ட்ரீமிங் சேவைகளின் பாடல்களையும் உங்கள் சொந்தப் பாடல்களையும் ஒரே நூலகமாகக் காட்டுகிறது. மூன்றையும் மிக நேர்த்தியாகச் செய்கிறது. நான் பார்த்த மென்பொருள்களில் அழகில் அதற்கு இணையில்லை; அந்த அளவுக்கு அதை மதிக்கிறேன்.

ஆனால் மூன்றாவது வசதி நமக்குக் கிடையாது. டைடலும் கோபஸும் இந்தியாவில் சேவை தருவதில்லை. இந்தியாவில் நாம் சந்தா கட்டும் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் எதுவும் ரூனுக்குள் வராது. எனவே முதல் நாளே விலையில் பெரும்பங்கை நாம் பயன்படுத்தாத ஒன்றுக்குக் கொடுத்துவிடுகிறோம். இரண்டாவது வசதி, ஒரே ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஒரு கைபேசியும் இருக்கும் வீட்டில் பெரிதாகப் பயன்படாது. மிஞ்சுவது முதலாவது. அதைத்தான் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இந்த மென்பொருள்கள் ஆல்பத்தை அடையாளம் காண்பது எங்கோ ஒரு தரவுத்தளத்தில் அந்த ஆல்பம் ஏற்கெனவே பதிவாகியிருந்தால்தான். ரூன் வணிக நிறுவனங்கள் தொகுத்த தரவையும் மியூசிக்பிரெய்ன்ஸ் என்னும் பொதுத் தரவுத்தளத்தையும் பயன்படுத்துகிறது. மேற்கத்திய ஜாஸ், ராக், சிம்ஃபனி இவற்றுக்கு அந்தத் தரவு வியக்கத்தக்க அளவு நிறைவானது. நம் இசைக்கு வரும்போது அது மெலிந்துவிடுகிறது. திருமண வீட்டிலும் பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகையிலும் பாடியதைப் பதிவு செய்த கேசட், உள்ளூரில் சில நூறு பிரதிகள் மட்டும் போட்டு விற்ற படுக மொழிப் பாடல் தொகுப்பு, சபாவின் கடைசி வரிசையில் யாரோ டேப் ரெக்கார்டர் வைத்து எடுத்த கச்சேரி ஆகியவை உலகின் எந்தத் தரவுத்தளத்திலும் இருக்கப்போவதில்லை. எழுபதாயிரம் ரூபாய் கொடுத்தாலும் அந்தப் பாடல்களின் பெயரை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுதிவிட முடியாது.

தரவு இருக்கும் இடத்திலும் சிக்கல் தீர்வதில்லை. கர்நாடக இசையில் நாம் ஒரு பதிவைத் தேடுவது ராகத்தை வைத்து, தாளத்தை வைத்து, இயற்றியவரை வைத்து. மேற்கத்திய ஆல்பங்களுக்காக வடிவமைத்த மென்பொருளில் ராகத்துக்கென்று ஒரு கட்டமே கிடையாது. தியாகராஜர் பெயரை ஒரு நிறுவனம் ஒரு விதமாகவும் இன்னொரு நிறுவனம் வேறு விதமாகவும் ஆங்கில எழுத்தில் அச்சடித்திருக்கும். மென்பொருள் அவரை மூன்று தனித்தனி மனிதர்களாக்கி, கிருதிகளை மூன்று பக்கங்களில் பிரித்துப் போட்டுவிடும். தோடி என்று தேடினால் இந்துஸ்தானித் தோடியும் நம் தோடியும் ஒன்றாக வந்து நிற்கும். அவை வெவ்வேறு ராகங்கள், இந்துஸ்தானித் தோடிக்கு நெருக்கமானது நம் சுபபந்துவராளி என்பது இசை கேட்பவருக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. பார்சிலோனாவின் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகம் நடத்திய காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டத்தின் பயனாகக் கர்நாடக இசைத் தரவு மியூசிக்பிரெய்ன்ஸில் ஓரளவு ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறது. படைப்பு ஒவ்வொன்றுக்கும் ராகத்தையும் தாளத்தையும் குறிக்க அங்கே இடம் இருக்கிறது. அது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இலவசத் தரவு. பிக்கார்ட் என்னும் இலவசக் கருவியைக் கொண்டு அதிலிருந்து உங்கள் சிடிக்களுக்கு வேண்டிய விவரங்களை எடுத்துக்கொள்ளலாம்.

திரைப்பாடல்களின் தொல்லை வேறு வகை. ஒரு படத்தின் ஆறு பாடல்களை ஆறு பேர் பாடியிருப்பார்கள்; கலைஞர் பெயரை வைத்துப் பிரிக்கும் மென்பொருள் ஒரு படத்தை ஆறு ஆல்பமாக உடைத்துக் காட்டும். ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற கட்டத்தில் எல்லாப் பாடலுக்கும் இசையமைப்பாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் நிரப்பிவிட்டால் இலவச மென்பொருளானாலும் கட்டண மென்பொருளானாலும் படம் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

ஆக, எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் விவரங்களை எழுதும் வேலை உங்கள் தலையில்தான் விழப்போகிறது. எனவே நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி, நீங்கள் எழுதும் விவரம் எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான். ரூன் உங்கள் பாடல் கோப்புகளைத் தொடுவதில்லை. அதில் நீங்கள் திருத்தும் ஒவ்வொரு பெயரும் ரூனின் சொந்தத் தரவுத்தளத்தில்தான் பதிவாகிறது. கோப்புகளைச் சிதைக்காமல் இருக்க நல்ல எண்ணத்தோடு செய்த ஏற்பாடுதான் அது. ப்ளெக்ஸிலும் அப்படியே. ஆனால் இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து, ஒவ்வொரு கேசட்டின் அட்டையிலும் பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து, தெரியாததை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு நீங்கள் நிரப்பும் விவரம், ரூனின் சந்தாவை நிறுத்திய அன்றோ ப்ளெக்ஸை விட்டு விலகிய அன்றோ உங்கள் கைக்கு எட்டாமல் போய்விடும். அதே விவரத்தை எம்பி3டேக் போன்ற இலவசக் கருவியில் பாடல் கோப்புக்குள்ளேயே எழுதினால் (இப்படி எழுதுவதைத்தான் டேக் என்பார்கள்), அந்தக் கோப்பு எங்கே போனாலும் விவரமும் கூடவே போகும். நாளைக்கு எந்த மென்பொருளில் போட்டாலும் அதுவே படித்துக்கொள்ளும். ரூனில்கூடக் கோப்பில் உள்ள விவரத்துக்கே முன்னுரிமை கொடு என்று அமைக்க முடியும். எனவே கோப்பில் எழுதிய உழைப்பு எந்த வழியிலும் வீணாகாது.

ஒலித்தரம் குறையாமல் பாட்டைச் சுருக்கி வைக்கும் ஃபிளாக் என்ற கோப்பு வடிவத்தில் இதற்கு ஒரு பெரிய வசதி உண்டு. அதில் நீங்கள் விரும்பும் பெயரில் கட்டங்களை உருவாக்கிக்கொள்ளலாம். ராகம், தாளம், பதிவான ஊர், பாடியவரின் ஹட்டி, கேசட்டின் எந்தப் பக்கம் என்று எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். விண்டோஸில் ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருள் அந்தக் கட்டங்களை வைத்தே நூலகத்தை வரிசைப்படுத்தும். ராகத்தின்படி மட்டும் ஒரு பார்வை, இயற்றியவரின்படி ஒரு பார்வை என்று வைத்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்தில் எழுதுங்கள்; இன்றைய மென்பொருள்கள் யூனிகோடைச் சரியாகவே காட்டுகின்றன. பழைய கார் ஸ்டீரியோக்களில் மட்டும் எழுத்துகளுக்குப் பதில் வெற்றுப் பெட்டிகளாகத் தெரியலாம். எந்த எழுத்தில் எழுதினாலும் ஒரு பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டல் என்று ஒரு தாளில் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு அதையே பின்பற்றுங்கள்.

கச்சேரிப் பதிவுகளைப் பற்றி ஒரு குறிப்பு. பலர் கேசட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக வைத்துவிட்டு, பாடல்கள் தொடங்கும் நேரங்களைத் தனியே ஒரு க்யூ ஷீட்டில் குறித்து வைப்பார்கள். ஃபூபார் அதைப் படிக்கும், ரூன் படிக்காது. இப்போதே பாடல் பாடலாக வெட்டி வைத்துவிடுவது நல்லது. ஆலாபனைக்கும் கிருதிக்கும் நடுவே வெட்டினால் கேட்கும்போது இடைவெளி விழாமல் தொடர்ந்து ஒலிக்கும் வசதி மென்பொருளில் இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள்.

அடுத்தது மலையில் இருப்பவர்கள் மட்டுமே முழுதாக உணரக்கூடிய விஷயம். வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கற்பூர மரமோ சீகை மரமோ கம்பியின் மேல் சாய்ந்தால் மின்சாரமும் போகும், கம்பத்தில் கட்டியிருக்கும் ஃபைபரும் அறுந்துபோகும். மின்சாரம் அன்றே வந்துவிட்டாலும் இணையம் வரப் பல நாள் ஆகலாம். 2009 நவம்பரில் மண்சரிவுகள் சாலைகளையே துண்டித்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். ரூன் 2022 செப்டம்பரில் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது இணையத் தொடர்பு எப்போதும் இருந்தாக வேண்டும் என்று ஆக்கியது. வாடிக்கையாளர்கள் பலமாக எதிர்த்தபின், இணையமில்லாமலும் குறிப்பிட்ட காலம்வரை இயங்கும்படி மாற்றிக்கொண்டார்கள். மாற்றியது நல்லதுதான். ஆனாலும் என் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் என் பாட்டை என் வீட்டு ஆம்ப்ளிஃபயரில் கேட்க அயல்நாட்டு சர்வர் ஒன்றின் ஒப்புதல் ஒரு கட்டத்தில் வேண்டும் என்ற ஏற்பாடே நம் மலைக்குப் பொருந்தாதது. ப்ளெக்ஸும் கணக்குச் சரிபார்ப்பை இணையத்தின் வழியேதான் செய்கிறது. உள்வீட்டு வலையமைப்புக்கு விலக்கு கொடுக்க அமைப்புகளில் வழி இருக்கிறது என்றாலும் அதை மழைக்கு முன்பே செய்துவைக்க வேண்டும்.

நிறுவனங்களின் ஆயுளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ரூன் 2023 நவம்பரில் சாம்சங் குழுமத்தைச் சேர்ந்த ஹார்மனின் கைக்குப் போயிற்று. அதனால் கெடுதல் நேர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘ஆயுள்’ உரிமம் என்பதில் உள்ள ஆயுள் அந்தச் சேவையின் ஆயுள்தானே தவிர உங்கள் ஆயுளோ உங்கள் மகளின் ஆயுளோ அல்ல. இதற்கு நேர்மாறான ஒரு கதை, கணினியில் உள்ள பாட்டை வீட்டு வலையமைப்பின் வழியே ஒலிக்கச் செய்யும் ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற கருவியுடையது. அதை உருவாக்கிய ஸ்லிம் டிவைசஸ் நிறுவனத்தை லாஜிடெக் 2006-இல் வாங்கியது; 2012-இல் அந்தக் கருவிகளைத் தயாரிப்பதையே நிறுத்தியது; அவற்றுக்கான இணையச் சேவையும் 2024-இல் மூடப்பட்டது. ஆனால் அதன் சர்வர் மென்பொருளின் மூலநிரல் திறந்ததாக இருந்ததால் பயனர்களே அதைத் தொடர்ந்து பராமரித்து, லிரியான் மியூசிக் சர்வர் என்ற பெயரில் இன்றும் புதிய பதிப்புகளை வெளியிடுகிறார்கள். பழைய கருவிகள் இன்னமும் பாடிக்கொண்டிருக்கின்றன.

ஸ்ட்ரீமிங் சேவையே போதுமே, சொந்த நூலகம் எதற்கு என்று மகள் கேட்டிருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். புதிதாக வருவதைக் கேட்க அதில் சந்தா வைத்துக்கொள்வது நியாயமான செலவுதான். ஆனால் கூகுள் பிளே மியூசிக் 2020 இறுதியில் மூடப்பட்டது, ரெஸ்ஸோ இந்தியாவில் 2024 ஜனவரியில் மூடப்பட்டது, ஏர்டெலின் விங்க் மியூசிக்கும் அதே ஆண்டு மூடப்பட்டது. 2023 மார்ச்சில் உரிமப் பேச்சு முறிந்து ஜீ மியூசிக்கின் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து ஒரே நாளில் காணாமல் போயின. உங்கள் தந்தையின் கேசட்டுகளோ எந்தச் சேவையிலும் ஏறவே இல்லை.

சரி, என்ன செய்யலாம்? வீட்டில் உபயோகமில்லாமல் கிடக்கும் மடிக்கணினி ஒன்றோ ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி ஒன்றோ போதும். அதில் மேலே சொன்ன லிரியானையும், நாவிட்ரோம் என்ற இன்னொரு இசைச் சர்வர் மென்பொருளையும் நிறுவுங்கள். இரண்டும் இலவசம், இரண்டும் ஒரே இசை ஃபோல்டரைப் படிக்கும். லிரியான் ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டை அனுப்பும் வேலையைப் பார்க்கட்டும். கைபேசிக்கும் மகளுக்கும் நாவிட்ரோம். அது சப்சோனிக் என்ற முறையைப் பின்பற்றுவதால் அந்த முறையில் இயங்கும் கைபேசிச் செயலி எதையும் தேர்ந்தெடுக்கலாம். ஆண்ட்ராய்டில் சிம்ஃபோனியம் என்ற செயலியை ஒரே ஒரு முறை சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நான் மனமாரச் செலவிடச் சொல்லும் தொகை அது ஒன்றுதான். இணைப்பில்லாத நேரத்துக்குப் பாடல்களைக் கைபேசியிலேயே இறக்கி வைக்கவும் அது உதவும். ஜெல்லிஃபின் என்று இன்னொன்று உண்டு. அதுவும் இலவசம், ஆனால் அது முதன்மையாகப் படங்களுக்கானது, பாட்டுக்கு மட்டுமென்றால் நாவிட்ரோமே இலகுவானது.

பத்து வாட் இழுக்கும் கருவியை இரவும் பகலும் ஓடவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 14 யூனிட்தான் ஆகும். வீட்டு இன்வெர்ட்டரில் அதையும் ரவுட்டரையும் சேர்த்துவிடுங்கள். ஃபைபர் அறுந்து கிடக்கும் நாளிலும் வீட்டுக்குள் வைஃபை இருக்கும், பாட்டும் இருக்கும்.

மகள் பெங்களூரிலிருந்து கேட்பதில் ஒரு தடை வரும். நம் ஊர் இணைய நிறுவனங்கள் பலவும் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அதனால் வெளியிலிருந்து உங்கள் வீட்டுச் சர்வரை நேராக அடைய முடியாது. கட்டண மென்பொருள் வாங்கினால் இந்தத் தடை தானே நீங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ரூனின் வெளியூர்ச் செயலியான ஆர்க்கும் இதே இடத்தில்தான் தடுமாறியது. கடைசியில் 2024-இல் வெவ்வேறு இடங்களில் உள்ள கருவிகளை இணையத்தின் வழியே ஒரே வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற கருவியைத் தன்னோடு இணைத்துத்தான் அதைச் சமாளித்தார்கள். அதே டெயில்ஸ்கேலைத் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு நீங்கள் இலவசமாகவே சர்வரிலும் மகளின் கைபேசியிலும் நிறுவிக்கொள்ளலாம். ஃபிளாக் கோப்பு மணிக்கு முந்நூறு, நானூறு எம்பி இழுக்கும். நாவிட்ரோமில் வெளியூருக்கு மட்டும் ஓபஸ் 128 என்ற சிறிய வடிவத்துக்கு மாற்றி அனுப்பச் சொன்னால் அது 60 எம்பிக்குள் அடங்கிவிடும், மலை இணைப்பும் அதைத் தாங்கும்.

ஒலித்தரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோப்பில் உள்ளதை மாற்றமில்லாமல் கருவிக்கு அனுப்பும் வரையில் இலவச மென்பொருளுக்கும் கட்டண மென்பொருளுக்கும் ஒலியில் வித்தியாசம் இல்லை. அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் வசதிகள் ரூனில் சிறப்பாக இருப்பது உண்மை. அவை வேண்டுமென்பவருக்கு அது ஒரு நியாயமான காரணம்.

சந்தாவுக்கென்று ஒதுக்கிய பணத்தை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் போடுங்கள் என்பதே என் உறுதியான வேண்டுகோள். ஒரு சிடியை ஃபிளாக்கில் மாற்றினால் சுமார் 350 எம்பி; உங்கள் நூலகம் முழுவதும் ஒரு டிபி டிஸ்க்கில் அடங்கிவிடும். ஒன்று வீட்டில், இன்னொன்று கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ உறவினர் வீட்டில் இருக்கட்டும். போகும்போதெல்லாம் மாற்றி எடுத்து வாருங்கள். மூலக் கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நம் ஈரத்தில் நாடாவின் மேல் வெள்ளைப் பூஞ்சை படர்வதைப் பார்த்திருப்பீர்கள். பூஞ்சை தெரியும் கேசட்டை அப்படியே ஓட்டினால் அது டெக்கின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். இன்னும் கணினியில் ஏற்றாத கேசட்டுகள் இருந்தால் டேக் எழுதும் வேலைக்கும் முன்பு அவற்றைப் பதிவு செய்யுங்கள். பாட்டின் பெயரை அடுத்த ஆண்டும் எழுதிக்கொள்ளலாம். நாடா அதுவரை தாங்குமா என்று சொல்ல முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் ரூன் யாருக்குத் தகும் என்றால், மேற்கத்திய இசையை ஆல்பம் ஆல்பமாகச் சேர்த்து வைத்திருப்பவர், டைடலோ கோபஸோ கிடைக்கும் நாட்டில் வாழ்பவர், மூன்று நான்கு அறைகளில் வெவ்வேறு கருவி வைத்திருப்பவர், சர்வரைப் பராமரிக்க நேரமோ விருப்பமோ இல்லாதவர் என்று சொல்வேன். அவருக்கு அந்த ஆண்டுச் சந்தா வீண் செலவல்ல. ப்ளெக்ஸைப் பொறுத்தவரை, பாட்டுக்கு மட்டும் ஆயுள் சந்தா வேண்டியதே இல்லை. அதன் ப்ளெக்ஸாம்ப் செயலி இப்போது இலவசமாகவே கிடைக்கிறது, சில கூடுதல் வசதிகளுக்குத்தான் காசு. வீட்டில் படங்களும் நிறைய வைத்து வெளியூரிலிருந்து பார்ப்பவர்கள் மட்டும் அதை யோசிக்கலாம்.

ஆனாலும் ரூனைக் கண்ணால் பார்க்காமல் விட மனமில்லை என்றால் 14 நாள் இலவசச் சோதனை இருக்கிறது. அதை இன்றே தொடங்காதீர்கள். முதலில் ஒரு முந்நூறு பாடல்களுக்காவது டேக்குகளைச் சரியாக எழுதி முடியுங்கள். கேசட்டில் நூறு, கச்சேரியில் நூறு, திரைப்பாடலில் நூறு. பிறகு அதே ஃபோல்டரை நாவிட்ரோமிலும் ரூனிலும் காட்டி, நீங்கள் வழக்கமாகத் தேடும் விதத்தில் தேடிப் பாருங்கள். சோதனையின்போது கார்டு எண் கேட்பார்கள். தொடர் கட்டணத்துக்கான ஆணை உங்கள் வங்கியில் பதிவாகும். பிடிக்கப்படும் தொகை பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் இருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி முன்னறிவிப்பு வந்தபின் ஓடிபி இல்லாமலேயே பணம் பிடிக்கப்படலாம். தொடர விருப்பமில்லையென்றால் பன்னிரண்டாம் நாளே ரூனின் கணக்குப் பக்கத்தில் ரத்து செய்து, வங்கிச் செயலியிலும் அந்த ஆணை நீங்கிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.